நஞ்சுக்கொடியில் தொற்று: ஃபார்மலினில் போடுவதற்கு முன்பும் பின்பும்

குறைமாதப் பிரசவம் பற்றிய சென்ற இதழ் பதிலில், "நஞ்சுக்கொடியையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை இவ்வளவு கடிதங்கள். அனுப்பினால் என்ன செய்வார்கள், எதைக் கண்டுபிடிக்க முடியும், ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று தாய்மார்களும் கேட்டிருக்கிறார்கள், நர்ஸ்களும் லேப் மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

கேள்வி: 33 வாரத்தில் எனக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. மருத்துவமனையில் படுக்க வைத்து ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சில நாளில் காய்ச்சல் வந்ததும் பிரசவம் பார்த்துவிட்டார்கள். மகன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் நஞ்சுக்கொடி ரிப்போர்ட் ஒன்றில் "அக்யூட் கோரியோஅம்னியோனைட்டிஸ், நிலை 2" என்றும், இன்னொரு தாளில் "கல்ச்சர்: கிருமி வளரவில்லை" என்றும் இருக்கிறது. தொற்று இருந்ததா இல்லையா? நான் எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்புங்கள். இரண்டு தாள்களும் தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பேத்தாலஜிஸ்ட் (திசுவை ஆராயும் டாக்டர்) தேடியது அழற்சியை, அதாவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் பனிக்குடச் சவ்வுக்குள் கூட்டமாக ஏறி வந்திருக்கின்றனவா என்பதை; அதற்குத்தான் கோரியோஅம்னியோனைட்டிஸ் என்று பெயர். கல்ச்சர், அதாவது மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, போட்டவர் தேடியது உயிருள்ள கிருமியை, அதிலும் அவர் போட்ட தட்டில், அவர் வைத்த வெப்பத்தில், அவர் காத்திருந்த நாட்களுக்குள் வளரக்கூடிய கிருமியை மட்டும். முதலாவது இருந்து இரண்டாவது கிடைக்காமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஏன் என்றால், முதல் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஆன்டிபயாடிக். பிரசவத்துக்கு முன்பே பல டோஸ் உள்ளே போயிருந்தால் கிருமி செத்திருக்கலாம், அல்லது வளர முடியாத அளவு நலிந்திருக்கலாம், ஆனால் அது கிளப்பிவிட்ட அழற்சி திசுவில் அப்படியே நிற்கும். அப்புறம், எந்தக் கிருமி என்பதும் முக்கியம். குறைமாதப் பிரசவங்களில் அடிக்கடி அகப்படுகிற யூரியாபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. அதனால் பாக்டீரியாவைப் பார்க்க வழக்கமாகப் போடும் கிராம் சாயத்தில் அது தெரியாது, வழக்கமான இரத்த அகார் தட்டிலும் வளராது. யூரியா சேர்த்த தனி ஊடகம் (கிருமி வளர்க்கும் ஊட்டப்பொருள்) வேண்டும், அல்லது பிசிஆர் (கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கித் தேடும் சோதனை) செய்ய வேண்டும். ஃபியூசோபாக்டீரியம் போன்றவை காற்றுப் பட்டாலே சாகிறவை, காற்றில்லா ஊடகத்தில் எடுத்துப் போகவில்லை என்றால் வழியிலேயே போய்விடும். உங்கள் மாதிரியை இதற்கெல்லாம் பார்த்தார்களா என்பது "வளரவில்லை" என்ற ஒற்றைச் சொல்லில் தெரியாது. எந்தெந்த ஊடகத்தில், எத்தனை நாள் வைத்தார்கள் என்று கேளுங்கள், லேபில் சொல்வார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கிருமியே இல்லாமலும் பனிக்குடத்தில் அழற்சி வரும். நலிந்து சாகும் செல்களிலிருந்து கசியும் பொருட்களே நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பிவிடும். எவ்வளவு நுட்பமான மரபணுச் சோதனை செய்தாலும் அப்போது கிருமி கிடைக்காது. மாதம் நிறைந்து, நீண்ட வலிக்குப் பின் பிறந்த குழந்தைகளின் நஞ்சுக்கொடியில் லேசான அழற்சி தெரிவது உண்டு, அவர்களில் பலருக்குக் கிருமி எதுவும் கிடைப்பதில்லை.

உங்கள் விஷயத்தில் 33 வாரத்தில் குடம் உடைந்தது, காய்ச்சல், சவ்வில் நியூட்ரோபில் எல்லாம் ஒன்று சேர்ந்திருக்கின்றன. கீழிருந்து ஏறிய தொற்று என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன், கிருமியின் பெயரைத்தான் சொல்ல முடியாது. அதே ரிப்போர்ட்டில் "ஃபீட்டல் இன்ஃப்ளமேட்டரி ரெஸ்பான்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் மகனைப் பொறுத்தவரை நிலை 2 என்ற வரியைவிட அந்த வரிதான் முக்கியம். அது என்ன என்று அடுத்தடுத்த பதில்களில் வருகிறது.

கேள்வி: பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் நேராக ஃபார்மலின் டப்பாவில் போட்டுவிடுவோம். மறுநாள் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதே டப்பாவிலிருந்து கல்ச்சருக்கு அனுப்பச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்ய முடியாது, சிஸ்டர். ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்; அதன் வேலையே திசுவில் உயிரோடு இருக்கும் எல்லாவற்றையும் அந்தந்த இடத்திலேயே உறைய வைப்பதுதான். லேப்களில் பயன்படும் 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம் இருக்கிறது, அதில் முங்கிய திசுவில் கிருமி வளர்ப்பது நடக்காத காரியம். நஞ்சுக்கொடித் தொற்றைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதிக்கு மேல் பிரசவ அறையில்தான் முடிவாகிறது, இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். லேபில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும், தவறான டப்பாவில் வந்த மாதிரியை வைத்து அது ஒன்றும் செய்ய முடியாது.

வரிசை இதுதான்: முதலில் கல்ச்சருக்கு, அடுத்து பிசிஆருக்கு, மீதி எல்லாம் ஃபார்மலினுக்கு. அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவாகவில்லை என்றால், சுத்தமான உலர்ந்த மூடிய டப்பாவில், எதுவும் ஊற்றாமல், 4 டிகிரி செல்சியஸ் குளிர்பதனத்தில் வைத்துவிடுங்கள். சில நாட்கள் வரை திசுவின் அமைப்பு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தகுந்த நிலையில் இருக்கும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்து உருகும்போது செல்கள் வெடித்து, பேத்தாலஜிஸ்ட்டுக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது. கல்ச்சர் வேண்டும் என்று சந்தேகம் இருந்தாலே, குளிர்பதனத்தையும் நம்பிக் காத்திருக்காமல் அப்போதே மாதிரி எடுத்துவிடுவது நல்லது.

எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அதிகம் சொதப்புகிறோம். நஞ்சுக்கொடியின் வெளிப்பரப்பைத் துடைத்து அனுப்பினால், பிறப்புப் பாதை வழியே வரும்போது ஒட்டிய யோனிக் கிருமிகள்தான் தட்டு முழுக்க வளரும். ரிப்போர்ட்டில் "பலவகைக் கிருமிகள்" என்று வரும், அதை வைத்து எந்த டாக்டரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. குழந்தைப் பக்கத்தில் அம்னியான், கோரியான் என்று இரண்டு சவ்வுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். தொப்புள்கொடி சேரும் இடத்துக்கு அருகே, புதிய ஸ்டெரைல் கையுறையோடு, ஸ்டெரைல் ஃபோர்செப்ஸால் மேலே உள்ள அம்னியானை உரித்து விலக்கி, அடியில் வெளிப்படும் கோரியானில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்த மாதிரி) எடுங்கள். அங்கிருந்து ஒரு சிறு துண்டு திசுவும் வெட்டி எடுத்தால் இன்னும் நல்லது, ஸ்வாபைவிடத் திசுவில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். காற்றில்லா ஊடகத்தில் ஒன்று, சாதாரண ஊடகத்தில் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து உடனே லேபுக்கு அனுப்பிவிட வேண்டும்.

படிவத்தில் எத்தனை வாரம், குடம் உடைந்து எத்தனை மணி நேரம், காய்ச்சல் எவ்வளவு, என்ன ஆன்டிபயாடிக் எப்போது தொடங்கியது என்ற நான்கையும் எழுதுங்கள். "நஞ்சுக்கொடி, பரிசோதனைக்கு" என்று மட்டும் எழுதி வரும் படிவம் எங்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வைக்கிறது.

கேள்வி: பேத்தாலஜிஸ்ட் நஞ்சுக்கொடியில் என்னதான் பார்க்கிறார்? முழுவதையும் பார்க்கிறாரா?

பதில்: கண்ணால் முழுவதையும், மைக்ரோஸ்கோப்பில் கொஞ்சத்தை. மாதம் நிறைந்த நஞ்சுக்கொடி ஏறக்குறைய அரை கிலோ எடை, 20 செ.மீ. அகலம். முதலில் எடை, நிறம், வாசனை. பளபளப்பாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய சவ்வு மங்கி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் சந்தேகம் அங்கேயே தொடங்குகிறது. பச்சை நிறம் குழந்தையின் முதல் மலத்தாலும் வரும், ஆகவே நிறத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. தொப்புள்கொடியின் மேல்பரப்பில் மஞ்சள் கலந்த வெள்ளைப் புள்ளிகள் தூவியது போல இருந்தால், கேண்டிடா என்ற பூஞ்சைதான் முதலில் நினைவுக்கு வரும்.

பிறகு வெட்டி எடுக்கும் பகுதிகள். 2014-இல் ஆம்ஸ்டர்டாமில் நிபுணர்கள் கூடி, உலகம் முழுக்க ஒரே மாதிரி பார்க்கவும் எழுதவும் ஒரு பொது முறையை வகுத்தார்கள். 2016-இல் அது வெளியானது. அதன்படி, பனிக்குடச் சவ்வைப் பாய் போலச் சுருட்டி அதிலிருந்து ஒரு வெட்டு, தொப்புள்கொடியில் இரண்டு இடங்களில், நஞ்சுக்கொடித் திசுவில் முழு ஆழத்துக்கும் குறைந்தது மூன்று துண்டுகள். கண்ணுக்கு வித்தியாசமாகத் தெரிகிற இடம் இருந்தால் அதுவும் சேரும். இவற்றை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

நியூட்ரோபில்கள் எங்கே வரை வந்திருக்கின்றன என்பதை வைத்து நிலை சொல்கிறார்கள். தாயின் அணுக்கள் கோரியானின் அடியில் நின்றுவிட்டால் நிலை 1. கோரியானின் நார்த்திசுவுக்குள்ளோ அம்னியானுக்குள்ளோ நுழைந்துவிட்டால் நிலை 2. அம்னியானின் செல்களே அழுகி உதிர ஆரம்பித்தால் நிலை 3. இது அம்மாவின் கணக்கு. குழந்தையின் கணக்கு தனி: குழந்தையின் சொந்த நியூட்ரோபில்கள் நஞ்சுக்கொடி மேல்தட்டின் இரத்தக் குழாய்களிலோ தொப்புள்கொடியின் சிரையிலோ சுவரைத் துளைத்து வெளியேறத் தொடங்கியிருந்தால் நிலை 1, தமனிக்கும் போயிருந்தால் நிலை 2, கொடியின் ஜெல்லிக்குள் பரவி அழுகல் வந்திருந்தால் நிலை 3. முதல் பதிலில் நான் சொன்ன வரி இதுதான். தாயின் அணுக்கள் மட்டும் இருந்தால் அம்மாவின் உடல் போராடியிருக்கிறது என்று பொருள். குழந்தையின் அணுக்களும் இருந்தால் குழந்தையின் உடலும் போராட்டத்தில் இறங்கிவிட்டது என்று பொருள், குழந்தை டாக்டர் கூடுதலாகக் கவனிப்பார்.

கிருமியை நேரில் பார்க்கத் தனிச் சாயங்கள் இருக்கின்றன. பாக்டீரியாவுக்கு 1884 முதல் இருக்கும் கிராம் சாயம், பூஞ்சைக்கு வெள்ளிச் சாயமோ பிஏஎஸ் சாயமோ, சிபிலிஸ் கிருமிக்கு வார்த்தின்-ஸ்டார்ரி வெள்ளிச் சாயம், காசநோய்க்கு ஜீல்-நீல்சன். எல்லாவற்றையும் எல்லாருக்கும் போடுவதில்லை, திசுவின் தோற்றமும் படிவத்தில் எழுதியதும் சேர்ந்துதான் எதைப் போடுவது என்று முடிவு செய்யும்.

கேள்வி: எனக்கு இப்போது 7-வது மாதம். முன்கூட்டியே வலி வந்து சேர்த்திருக்கிறார்கள். தொற்று இருக்கிறதா என்று பிரசவத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள முடியாதா? இரத்தப் பரிசோதனை போதாதா?

பதில்: இரத்தம் மட்டும் போதாதம்மா. வெள்ளை அணு எண்ணிக்கை பிரசவ வலியாலேயே ஏறும், குழந்தையின் நுரையீரலுக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசியாலும் ஏறும். சிஆர்பி என்ற இரத்தப் புரதம் உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கூடும். காய்ச்சல், அம்மாவுக்கும் குழந்தைக்கும் நாடித் துடிப்பு, கசியும் நீரின் தன்மை இவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த எண்களுக்கு அர்த்தம்.

நேரடியாகப் பார்க்க வேண்டும் என்றால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் கொஞ்சம் பனிக்குட நீரை எடுப்பார்கள். அதில் கிராம் சாயம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடும். கிருமி தெரிந்தால் பெரும்பாலும் தொற்று உண்மை, தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிருமிகளும் வெள்ளை அணுக்களும் சர்க்கரையைத் தின்றுவிடுவதால் நீரில் குளுக்கோஸ் குறையும்: டெசிலிட்டருக்கு 14, 15 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்படுவார்கள். வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50-க்கு மேல் இருந்தாலும் அப்படித்தான், ஆனால் ஊசி போகும்போது இரத்தம் கலந்துவிட்டால் இந்த எண்ணை நம்ப முடியாது. இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தின் அளவு இவை எல்லாவற்றையும்விட நுட்பமாக அழற்சியைக் காட்டும், அந்த வசதி எல்லா லேபிலும் இருப்பதில்லை. கல்ச்சர் முடிவு வர சில நாட்கள் ஆகும். பிசிஆர் சில மணி நேரத்தில் வந்துவிடும்.

இதை எல்லாருக்கும் செய்ய வேண்டியதில்லை. காய்ச்சலும் மற்ற அறிகுறிகளும் தெளிவாக இருந்தால் ஊசி போட்டு நேரம் கடத்தாமல் உடனே ஆன்டிபயாடிக் தொடங்கி, பிரசவத்துக்கான ஏற்பாட்டைச் செய்வார்கள். அறிகுறி தெளிவாக இல்லாமல், கர்ப்பத்தை இன்னும் சில நாள் நீட்டிப்பதா வேண்டாமா என்ற குழப்பம் இருக்கும்போதுதான் இந்த நீர்ப் பரிசோதனை பெரிய உதவி. "உங்கள் முடிவை இந்தப் பரிசோதனை மாற்றுமா?" என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: மைக்ரோபயாலஜி படிக்கிறேன். பிசிஆர், சீக்வென்சிங் எல்லாம் வந்த பிறகும் ஏன் கல்ச்சர், சாயம் என்று பழைய முறைகளையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? நேராக 16எஸ் செய்தால் எல்லாக் கிருமியும் தெரிந்துவிடுமே?

பதில்: 16எஸ் என்பது எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள ஒரு மரபணு; அதன் எழுத்து வரிசையைப் படித்து (சீக்வென்சிங்) எந்தக் கிருமி என்று சொல்வார்கள். தெரியும், அங்கே இல்லாத கிருமியும் சேர்ந்து தெரியும். அதுதான் சிக்கல். நஞ்சுக்கொடியில் பாக்டீரியா டிஎன்ஏ இருந்தாலும் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்டிலும், வினைப்பொருட்களிலும், லேபின் காற்றிலும்கூட துளித் துளியாகப் பாக்டீரியா டிஎன்ஏ உண்டு. மாதிரியில் இருப்பது குறைவாக இருக்கும்போது இந்த வெளி டிஎன்ஏதான் பெருகி முன்னால் நிற்கும்.

இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் 320 நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்த ஒரு குழு, நஞ்சுக்கொடிக்கென்றே தனி நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கிறது என்று எழுதியது, பெரிய பரபரப்பு. 2019-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 500-க்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடிகளை இரண்டு விதமான சீக்வென்சிங் முறைகளில் ஆராய்ந்து, கிட்டில் இருந்து வந்தவை, பிரசவத்தின்போது ஒட்டியவை என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தது. அப்படித் தனிக் கூட்டம் எதுவும் இல்லை என்ற முடிவு நேச்சர் இதழில் வந்தது. ஆனால் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும், வலி தொடங்கும் முன்பே எடுத்த மாதிரிகளில் சுமார் 5 சதவீதத்தில் உண்மையாகவே இருந்தது. எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியம், அது பிறந்த குழந்தைக்கு இரத்தத் தொற்று கொடுக்கக்கூடிய கிருமி. நீங்கள் எப்போதாவது 16எஸ் செய்தால், மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் முதல் படியிலிருந்து கடைசி வரை கூடவே ஓட்டுங்கள். அது இல்லாத முடிவை நான் படிக்கவே மாட்டேன்.

இன்னும் சில குறைகள் உண்டு. பிசிஆருக்குச் செத்த கிருமியும் உயிருள்ள கிருமியும் ஒன்றுதான். 16எஸ் பாக்டீரியாவை மட்டும் பார்க்கும், வைரஸையும் பூஞ்சையையும் விட்டுவிடும். எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று தெரிய வேண்டுமானால் கல்ச்சரில் வளர்ந்த கிருமிதான் கையில் வேண்டும். தட்டில் வளர்ந்துவிட்டால் மால்டி-டாஃப் கருவி சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிருமி எங்கே இருக்கிறது என்பது பிசிஆருக்குத் தெரியாது. கோவிட் காலத்தில் இது நன்றாகப் புரிந்தது. நஞ்சுக்கொடியில் பிசிஆர் பாசிட்டிவ் என்றால், உள்ளே தேங்கிய அம்மாவின் இரத்தத்திலிருந்தோ வெளியிலிருந்து ஒட்டியோ வந்திருக்கலாம். ஆன்டிபாடி வைத்துச் சாயம் ஏற்றும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரியிலோ, திசுவிலேயே ஆர்என்ஏவைக் காட்டும் இன்-சிட்டு ஹைப்ரிடைசேஷனிலோ வைரஸ் ட்ரோஃபோபிளாஸ்ட் (நஞ்சுக்கொடியின் மேலுறைச் செல்) செல்லுக்குள் இருப்பதைப் பார்த்த பிறகுதான், அந்தச் செல்கள் மடிந்து ஃபைப்ரின் என்ற உறைபுரதம் அடைத்து நிற்பதோடு சேர்த்து, இது நஞ்சுக்கொடியின் தொற்றுதான் என்று சொல்ல முடிந்தது.

கேள்வி: 28 வாரத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. எனக்கு லேசான காய்ச்சல் தவிர ஒன்றும் இல்லை. குழந்தையைப் பரிசோதிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. நஞ்சுக்கொடியையாவது அனுப்பலாம் என்கிறார்கள். அதில் என்ன தெரியப் போகிறது?

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். அனுப்புங்கள், தயவுசெய்து. குழந்தையின் இதயம் நின்ற பிறகும் அம்மாவின் இரத்தம் நஞ்சுக்கொடிக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் குழந்தையின் உறுப்புகள் சிதையத் தொடங்கிய பிறகும் நஞ்சுக்கொடி நல்ல நிலையில் இருக்கும், பல நேரம் காரணமும் அதில்தான் இருக்கும். இறந்து பிறந்த குழந்தைகளுக்குக் காரணம் தேடுவதில் நஞ்சுக்கொடிப் பரிசோதனை, பிரேதப் பரிசோதனை, மரபணுச் சோதனை மூன்றும்தான் அதிகம் உதவுபவை. இரண்டாவதுக்கு நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் முதலாவதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

லேசான காய்ச்சல் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் லிஸ்டீரியாவைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்வேன். உணவு வழியே வந்து அம்மாவின் இரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் கிருமி அது. அம்மாவுக்கு வெறும் ஃப்ளூ போலக் கடந்துவிடும், நஞ்சுக்கொடியில் வில்லஸ் எனப்படும் விரல் போன்ற நீட்சிகளில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். இரத்த அகாரில் நன்றாக வளரும். ஆனால் கிராம் சாயத்தில் சாதாரணத் தோல் கிருமிகள் போலவே குச்சி குச்சியாகத் தெரிவதால், கவனிக்காத லேபில் "மாசு" என்று ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு. படிவத்தில் "லிஸ்டீரியா சந்தேகம்" என்று இரண்டு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். உங்கள் இரத்தத்திலும் கல்ச்சர் எடுக்க வேண்டும்.

அடுத்து சிபிலிஸ், பாலுறவு வழியே தொற்றும் நோய். யாருக்கும் கேட்கப் பிடிக்காத பெயர், ஆனால் கர்ப்பத்தில் கண்டுபிடித்தால் பென்சிலினால் தடுக்கக்கூடிய நோய் என்பதால் கட்டாயம் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி வெளிறிப் பெரிதாகியிருக்கும், வில்லஸ்கள் தடித்திருக்கும். இந்தக் கிருமி வழக்கமான கல்ச்சரில் வளராது. வெள்ளிச் சாயம், அதைவிட நம்பகமான இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, பிசிஆர் ஆகியவற்றில் பார்க்கலாம். கூடவே உங்களுக்கும் கணவருக்கும் இரத்தப் பரிசோதனை.

வைரஸ்களில் இரண்டு. சைட்டோமெகலோ வைரஸ் இருந்தால் வில்லஸ்களில் பிளாஸ்மா செல்கள் (எதிர்ப்புப் பொருள் சுரக்கும் செல்கள்) நிறைந்த நாட்பட்ட அழற்சியும், ஆந்தைக் கண் போன்ற உட்கருவோடு பெருத்த செல்களும் தெரியும். பார்வோ வைரஸ் பி19 குழந்தையின் சிவப்பணுக்களை உருவாக்கும் செல்களையே தாக்குகிறது. இரத்தசோகை வந்து, குழந்தை நீர்கோத்து வீங்கி இறக்கும். வில்லஸ்களின் தந்துகிகளில் கண்ணாடி போன்ற உட்கரு கொண்ட இளம் சிவப்பணுக்களைப் பார்த்தால் அதை உறுதிப்படுத்த பிசிஆர் செய்வார்கள். ஸ்கேனில் குழந்தை வீங்கியிருந்ததாகச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் அதையும் படிவத்தில் எழுத வேண்டும்.

எதுவுமே கிடைக்காமலும் போகலாம். அப்போதும், தொற்று அல்லாத காரணங்கள், இரத்த ஓட்டம் அடைபட்டது போன்றவை, அதே துண்டுகளில் தெரியவரும். அடுத்த கர்ப்பத்தை எப்படிக் கவனிப்பது என்பதற்கு அந்தத் தகவல் தேவை.

கேள்வி: மலேரியா அதிகமுள்ள பகுதியில் வேலை செய்கிறேன். இரத்தத்தில் மலேரியா இல்லை என்று வந்த பெண்ணின் நஞ்சுக்கொடியில் மலேரியா இருந்ததாகச் சொன்னார்கள். இது எப்படி?

பதில்: ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள், விஏஆர்2சிஎஸ்ஏ என்ற புரதத்தைக் கொண்டு நஞ்சுக்கொடியில் உள்ள காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. விரலில் குத்தி எடுத்த சொட்டில் ஒன்றும் இருக்காது, நஞ்சுக்கொடியில் குவிந்து கிடக்கும். முதல் கர்ப்பத்தில்தான் இது அதிகம். அடுத்தடுத்த கர்ப்பங்களில் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகிவிடுகிறது.

பிரசவமானதும் நஞ்சுக்கொடியின் தாய்ப்பக்கத்தில் சிறு கீறல் போட்டு, ஊறும் இரத்தத்தில் ஸ்மியர் எடுத்து ஜீம்சா சாயம் போட்டுப் பார்க்கலாம். திசுவில் பார்த்தால் இன்னும் தெளிவு: ஒட்டுண்ணி மட்டும் இருந்தால் புதிது, ஒட்டுண்ணியோடு ஃபைப்ரினில் அது விட்டுச்செல்லும் ஹீமோசாயின் நிறமியும் இருந்தால் நாட்பட்டது, நிறமி மட்டும் என்றால் முன்பு வந்து போனது. இங்கேயும் ஃபார்மலின் குறுக்கே வரும். பஃபர் இல்லாத, அமிலமாகிப்போன ஃபார்மலினில் திசுவை வைத்தால் அதுவே ஒரு பழுப்பு நிறமியை உண்டாக்கும், முனைவாக்கிய ஒளியில் ஹீமோசாயின் போலவே அதுவும் மின்னும். இல்லாத மலேரியாவை இருப்பதாக எழுதிவிட இது போதும். எச்ஆர்பி2 புரதத்தைப் பார்க்கும் துரிதச் சோதனை, சிகிச்சை முடிந்து வாரக்கணக்கிலும் பாசிட்டிவாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட்டில் "க்ரானிக் வில்லைட்டிஸ்" என்று இருக்கிறது. அடுத்த கர்ப்பத்துக்கு முன் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இதில் பெரும்பாலானவை கிருமியால் வருவதே இல்லை. அம்மாவின் டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் வில்லஸ்களுக்குள் நுழைந்து உண்டாக்கும் அழற்சி. மாதம் நிறைந்த நஞ்சுக்கொடிகளில் 5 முதல் 15 சதவீதம் வரை இது தெரிகிறது. பிளாஸ்மா செல்கள் அதிகம் இருந்ததா, சைட்டோமெகலோ வைரஸுக்கும் சிபிலிஸுக்கும் பார்த்து இல்லை என்று ஆனதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை திரும்ப வர வாய்ப்புண்டு, குழந்தையின் வளர்ச்சி குறையவும் கூடும். அதனால் மாத்திரைக்குப் பதில், வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்களைத் தவறாமல் எடுங்கள்.

கேள்வி: நஞ்சுக்கொடி ரிப்போர்ட் வர நாளாகும் என்கிறார்கள். அதுவரை குழந்தைக்குச் சிகிச்சை இல்லாமல் காத்திருப்பதா?

பதில்: காத்திருக்க மாட்டார்கள். குழந்தைக்கு அறிகுறி இருந்தால் இரத்தக் கல்ச்சர் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள், நஞ்சுக்கொடி முடிவு பின்னால் வந்து அந்தச் சிகிச்சையைத் திருத்த உதவும். ஒன்றில் மட்டும் நாள் கணக்கு உண்டு: சைட்டோமெகலோ வைரஸ் சந்தேகம் என்றால் குழந்தையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ பிறந்து 21 நாட்களுக்குள் பிசிஆர் எடுத்துவிட வேண்டும். அதன்பின் பாசிட்டிவ் வந்தால் வயிற்றிலேயே வந்ததா, பிறந்த பிறகு தாய்ப்பால் வழியே வந்ததா என்று பிரிக்க முடியாது. குழந்தையின் இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது அம்மாவிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வந்திருக்கலாம். ஐஜிஎம் என்ற இன்னொரு வகை அப்படிக் கடந்து வராது. சிபிலிஸுக்கான ஆர்பிஆர் சோதனையைத் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யாமல் குழந்தையின் இரத்தக் குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தில் செய்யச் சொல்லுங்கள், தொப்புள்கொடியில் அம்மாவின் இரத்தமும் ஜெல்லியும் கலந்து தவறான முடிவு வரும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் நடந்த பிரசவம். அப்போது தொற்றுக்காகப் பார்க்கவில்லை. இப்போது பார்க்க முடியுமா?

பதில்: மெழுகில் பதித்த பிளாக் இருந்தால் முடியும். அறை வெப்பத்திலேயே அவை பல வருடம் கெடாமல் இருக்கும். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி செய்யலாம், பிசிஆரும் செய்யலாம்; ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கியிருக்கும் என்பதால் சின்னத் துண்டைத் தேடும்படி வடிவமைத்த பிசிஆர் வேண்டும். 2015, 2016-இல் ஜிகா பரவியபோது இப்படிப் பதித்த நஞ்சுக்கொடித் திசுக்களிலிருந்துதான் பல கர்ப்பங்களில் வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டுபிடித்தார்கள். கல்ச்சர் மட்டும் இனி சாத்தியமில்லை. பிரசவம் நடந்த மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவுக்கு உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள், அதன் மேல் ஓரத்தில் இருக்கும் பயாப்ஸி எண்ணைச் சொன்னால் பிளாக்கைத் தேடி எடுப்பார்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் தள்ளிப் போடாமல் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.